0.05 மில்லிகிராமும் 50 மைக்ரோகிராமும் ஒன்றா? அம்மாவின் தைராய்டு மாத்திரையில் குழப்பம்

தென்காசிக்காரன்:
அம்மாவுக்குத் தைராய்டு குறைவு. டாக்டர் சீட்டில் 'தைராக்சின் 0.05 எம்ஜி, காலையில் வெறும் வயிற்றில்' என்று இருக்கிறது. நேற்று வாங்கிய டப்பாவிலோ '50 எம்சிஜி' என்று போட்டிருக்கிறது. 50-ஐ 0.05-ஆல் வகுத்தால் 1000 வருகிறது. ஆயிரம் மடங்கு கூடுதலோ என்று பயந்துபோய் அம்மா இன்று மாத்திரையே போடவில்லை. சமையல் தராசில் ஒரு மாத்திரையை வைத்துப் பார்த்தேன், பூஜ்யம்தான் காட்டுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அக்கா:
பயப்படாதீங்க தம்பி, இரண்டும் ஒரே அளவுதான். எம்சிஜி என்றால் மைக்ரோகிராம். 1 கிராமுக்கு 1000 மில்லிகிராம், 1 மில்லிகிராமுக்கு 1000 மைக்ரோகிராம். 0.05-ஐ 1000-ஆல் பெருக்கினால் 50. உங்களுக்கு வந்த அந்த 1000, அலகு மாறியதால் வந்தது. 50 பைசாவையும் 0.50 ரூபாயையும் வெறும் எண்ணாக வைத்து வகுத்தால் 100 வரும், அதற்காகக் காசு நூறு மடங்கு ஆகிவிடாதே!

சமையல் தராசு கிராம் கணக்கில் நிறுப்பது. மாத்திரை ஒரு கிராம்கூட வராது, அதிலும் பெரும்பகுதி மருந்தோடு சேர்க்கும் மாவுப் பொருள். ஒரே ஒரு கிராம் தைராக்சினில் இந்த அளவில் 20,000 மாத்திரை போடலாம்.

ஒரு நாள் விட்டதற்குக் கவலை வேண்டாம், இந்த மருந்து உடலில் பல நாள் தங்கும். நாளை வழக்கம்போல ஒன்று போடச் சொல்லுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். டப்பாவையும் சீட்டையும் வாங்கிய கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நகைப்பட்டறை:
எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. பில்லில் 7.960 என்று இருந்தால் 'ஏழு கிராம் தொள்ளாயிரத்து அறுபது மில்லி' என்று வாசிப்போம். புள்ளிக்குப் பின் மூன்று இடத்தையும் நிரப்பித்தான் எழுதுவோம். 7.96 என்று விட்டால் புதுப் பையன் 96 மில்லி என்று படித்துவிடுவான். உங்கள் 0.05-ஐயும் 0.050 என்று எழுதிப் பாருங்கள், 50 தானாகத் தெரியும்.

மருந்துக்கடை அக்கா:
கணக்குப் போட அருமையான வழி அண்ணா. ஆனால் மருந்துச் சீட்டில் மட்டும் கடைசிப் பூஜ்யம் ஆகாது. 5.0 என்பதில் புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். முன்னால் வரும் பூஜ்யம் கட்டாயம் வேண்டும், வெறும் .5 என்று எழுதினால் 5 என்று படிக்க வாய்ப்புண்டு. மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்தும் அப்படித்தான், அவசரக் கையெழுத்தில் மில்லி மாதிரியே தெரியும். அதனால்தான் எம்சிஜி என்றோ மைக்ரோகிராம் என்று முழுதாகவோ எழுதச் சொல்கிறோம்.

தென்காசிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்னொன்று, அம்மாவின் வைட்டமின் டி-யில் 60,000 ஐயு என்று இருக்கிறது. அது எத்தனை மில்லிகிராம்?

மருந்துக்கடை அக்கா:
ஐயு என்றால் சர்வதேச அலகு. அது எடை அளவு இல்லை, மருந்து வேலை செய்யும் திறனை வைத்து வகுத்தது. அதனால் பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். வைட்டமின் டி-க்கு 40 ஐயு என்றால் 1 மைக்ரோகிராம். அப்படியானால் 60,000 ஐயு 1500 மைக்ரோகிராம், அதாவது 1.5 மில்லிகிராம். இதே கணக்கை வைட்டமின் ஏ-க்குப் போட்டுவிடாதீர்கள்.

தென்காசிக்காரன்:
கடையில் காட்டினேன், சரியான மாத்திரைதான் என்றார்கள். இன்று காலை அம்மா போட்டுக்கொண்டார்கள். டப்பா மூடியில் '50 மைக்ரோகிராம் = 0.05 மில்லிகிராம்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.