மூலங்கள் சரி, காரணிகளைப் பெருக்கினால் கோவை திரும்ப வரவில்லை

கேள்வி:
6x³ − 5x² − 17x + 6-ஐக் காரணிப்படுத்த வேண்டும். கால்குலேட்டரில் மூலங்கள் 2, −3/2, 1/3 என்று வந்தன. (x − 2)(x + 3/2)(x − 1/3) என்று எழுதினேன். பெருக்கினால் மாறிலி 6 வராமல் 1 வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
முன்னால் 6 விட்டுப்போச்சு. நீங்கள் எழுதியதைப் பெருக்கினால் x³-இல்தான் தொடங்கும், 6x³ எங்கிருந்து வரும்? மூலங்கள் தலைக்கெழுவை (x³-இன் முன்னால் உள்ள எண்ணை) சொல்வதில்லை. அந்த 6-ஐ 2 × 3 ஆகப் பிரித்து, 2-ஐ இரண்டாம் காரணிக்கும் 3-ஐ மூன்றாவதுக்கும் கொடுங்கள்: (x − 2)(2x + 3)(3x − 1). சரிபார்க்க முழுசாகப் பெருக்க வேண்டாம், x = 1 போடுங்கள். கோவை −10, காரணிகள் (−1)(5)(2), அதுவும் −10.

பதில் 2:
தேர்வில் கால்குலேட்டர் இருக்காது, அதனால் கையால் போடும் வழியும் தெரிந்திருக்கட்டும். x = 2 போட்டால் 48 − 20 − 34 + 6 = 0. தொகுமுறை வகுத்தலில் (கெழுக்களை மட்டும் எழுதி வகுக்கும் முறை) x − 2-ஆல் வகுத்தால் ஈவு 6x² + 7x − 3. இது உடையுமா என்று முதலில் பாருங்கள்: b² − 4ac = 49 + 72 = 121, முழு வர்க்கம், உடையும். பெருக்கினால் 6 × (−3) = −18, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும்: 9, −2.

6x² + 9x − 2x − 3
= 3x(2x + 3) − 1(2x + 3)

இரண்டாவது ஜோடியில்தான் பலரும் சறுக்குவார்கள். −1-ஐ வெளியே எடுக்கும்போது −3 உள்ளே +3 ஆகும். (2x − 3) என்று எழுதிவிட்டால் இரண்டு அடைப்புக்குறிகளும் ஒத்துப்போகாது, அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. இன்னொன்று: x³ − 7x + 6. 1-ஆல் தொகுமுறை வகுத்தல் போட்டேன், மீதி 0. ஆனால் ஈவு x − 6 என்று வருகிறதே?

பதில் 2:
1, −7, 6 என்று மூன்று கெழுக்கள்தான் எழுதியிருப்பீர்கள். x² உறுப்பு இல்லை, அதன் இடத்தில் 0 போட வேண்டும்: 1, 0, −7, 6. இப்போது ஈவு x² + x − 6, அதாவது (x + 3)(x − 2).

பதில் 1:
மீதி 0 வந்ததை நம்பித்தான் ஏமாந்திருக்கிறீர்கள். 1-ஆல் வகுக்கும்போது மீதி என்பது கெழுக்களின் கூட்டுத்தொகை; 0-வை விட்டாலும் அது மாறாது. இதையே 2-ஆல் போட்டிருந்தால் மீதி −4 வந்து தப்பு உடனே தெரிந்திருக்கும். முப்படியை x − 1-ஆல் வகுத்தால் ஈவு இருபடியாக வர வேண்டும். x − 6 ஒருபடி, அதிலேயே சந்தேகம் வந்திருக்கணும்.