10 மீட்டரில் அளந்தால் போதுமா? "ஏழில் ஒன்று" கணக்குக்கு ஒரு பதில்

கயத்தாறு_மாஸ்ட்

பலூன்வாத்தியார் ஐயா நேற்று வேறொரு இழையில் எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்: "வானிலை நிலையத்தில் 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று கையில் இருந்தால் போதும். ஏழில் ஒன்று அடுக்கு போட்டு 100 மீட்டருக்குக் கொண்டுபோய்விடலாம். காட்டுக்குக் காடு மாஸ்ட் நட்டு ஒரு வருடம் அளப்பதெல்லாம் காசு பார்க்கிற வேலை."

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாஸ்ட், அதாவது காற்றளக்கும் கருவி மாட்டிய உயரமான குழாய்க் கம்பம், அதில் ஏறிச் சோறு தின்கிறவன் நான். உயரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணுக்கு 1/7 என்று அடுக்கு போட்டு, வருவதைக் கீழே அளந்த வேகத்தோடு பெருக்குவதுதான் ஏழில் ஒன்று. அது மரம், மேடு இல்லாத சமதரைக்கு, தரை அதிகம் கொதிக்காமலும் குளிராமலும் இருக்கும் நேரத்துக்கு ஓரளவு பொருந்துகிற கணக்கு. கயத்தாறு கரிசலில் மத்தியானம் தரை கொதிக்கும்போது காற்று கீழும் மேலுமாகப் புரண்டு கலந்துவிடும். 10 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது. ராத்திரி தரை குளிர்ந்தால் கீழே காற்று படுத்துவிடும், மேலே காற்றாலையின் காத்தாடி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே இடம், ஒரே நாள், இரண்டு விதமான காற்று. எந்த நேரத்துக்கு ஐயா உங்கள் ஏழில் ஒன்று?

10 மீட்டரில் நொடிக்கு 4 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழில் ஒன்று போட்டால் 100 மீட்டரில் சுமார் 5.6 வரும். ராத்திரி அடுக்கு 0.3 என்று இருந்தால் 8 வரும். வேகம் இரட்டித்தால் காற்றின் சக்தி எட்டு மடங்கு. அப்படியானால் 5.6-க்கும் 8-க்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு எந்த வங்கியில் போய்க் கடன் கேட்பீர்கள்?

பலூன்வாத்தியார்

தம்பி, என் வரியை எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன்பே காற்றை அளந்தவர்கள் நாங்கள். இருட்டில் பைலட் பலூனுக்கு, அதாவது காற்றோடு போகவிடும் சிறு பலூனுக்கு, அடியில் காகித விளக்கைக் கட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி விடுவோம். அந்தப் புள்ளி வெளிச்சத்தைத் தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் தொலைநோக்கியில் பிடித்து, நிமிடத்துக்கு நிமிடம் கோணம் படித்து, மேல்காற்றின் திசையும் வேகமும் கணக்குப் போடுவோம். கண் ஒரு நொடி தப்பினால் நட்சத்திரத்தைப் பலூன் என்று படித்துக்கொண்டிருப்போம். 100 மீட்டரில் காற்று எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

10 மீட்டர் என்பது நான் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ததல்ல. உலக வானிலை அமைப்பு வைத்த அளவு. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலில் மணிக்கு 408 கிலோமீட்டர் காற்று வீச்சு பதிவானது. டொர்னாடோ என்கிற சுழற்காற்றுகளை விட்டுவிட்டால் உலகச் சாதனை அதுதான். அதை அளந்த கருவி நின்றது 10 மீட்டரில். உலகச் சாதனைக்குப் போதுமான உயரம் உங்கள் கம்பெனிக்குப் போதாதா?

ஒரு வருடம் அளந்தவர் அந்த வருடத்துக் காற்றைத்தான் அளந்தார். பருவமழை ஏய்த்த வருடமா, பிய்த்து உதறிய வருடமா என்று அந்த மாஸ்டுக்குத் தெரியாது. பாளையங்கோட்டை வானிலை நிலையத்துக்குத் தெரியும்.

மழைப்பித்தன்

வாத்தியார் வந்துவிட்டார், இனி இழை அவருடையது.

அந்தப் பாளையங்கோட்டைப் புராணத்தை நிறுத்துங்கள். புயல் வரும்போது உங்கள் வானிலைத் துறை சொல்லும் வேகம் ஒன்று, அமெரிக்கக்காரர்கள் சொல்வது ஒன்று. எப்போது பார்த்தாலும் நீங்கள் குறைத்துத்தான் சொல்கிறீர்கள். 10 மீட்டர் கருவியின் லட்சணம் அதிலேயே தெரிகிறது.

பலூன்வாத்தியார்

வர்தா புயல் சமயத்தில் இதே கேள்வியைக் கேட்டீர்கள், அப்போதே பதில் சொல்லியாயிற்று. நம் துறை புயலுக்கு 3 நிமிடச் சராசரி சொல்கிறது. அமெரிக்கா 1 நிமிடச் சராசரி. நேரம் குறைந்தால் உச்சம் கூடும். அவர்களும் 10 மீட்டர் உயரத்துக் காற்றைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்குப் பெரிய எண் வேண்டும், அவ்வளவுதான். அந்த இழையில் என்னை "பென்ஷன் விஞ்ஞானி" என்று எழுதியது எனக்கு மறக்கவில்லை.

மழைப்பித்தன்

எழுதினேன், இன்றைக்கும் எழுதுவேன். மின்கம்பம் ஒடிந்து தெருவில் கிடக்கிறவனுக்குச் சராசரி எதற்கு? அவனை அடித்தது 3 விநாடி வீச்சு. அதை முதலில் சொல்லுங்கள், சராசரியை அப்புறம் சொல்லுங்கள்.

கயத்தாறு_மாஸ்ட்

புயலை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஏழில் ஒன்று. பாரோ தீவைக் காட்டித் தப்பிக்க வேண்டாம் ஐயா. அங்கே 10 மீட்டரில் அளந்ததை 10 மீட்டர் காற்று என்றுதான் சொன்னார்கள். ஏழில் ஒன்று போட்டு 100 மீட்டர் காற்று என்று யாரும் விற்கவில்லை.

அரல்வாய்மொழிக் கணவாய்க்கு வாருங்கள். மேற்கே இருந்து வரும் காற்று மலை இடுக்கில் நெருங்கிப் பாய்கிற இடம். மேட்டிலும் கணவாய் வாயிலும் கீழேயே வேகம் கூடிவிடும், மேலே போகப் போகப் பெரிதாக ஏறாது. அடுக்கு 0.05 என்று வந்தால் உங்கள் கணக்கு காட்டும் சக்தியில் பாதிதான் உண்மையில் இருக்கும். கயத்தாற்று ராத்திரியில் குறைத்துக் காட்டுகிறது, அரல்வாய்மொழியில் கூட்டிக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்கிற கணக்கை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

பணகுடிக்காரன்

அண்ணாச்சிமாரே, மாஸ்ட் மாஸ்ட் என்று பேசுகிறீர்களே, அதை நட்டது யார் நிலத்தில்? என் காட்டில் ஒரு கம்பெனி மாஸ்ட் நட்டுச் சுற்றிலும் இழுவைக் கம்பி கட்டியது. உழவு டிராக்டர் திரும்ப இடமில்லை. குத்தகை தருகிறோம் என்றார்கள், முதல் தவணையோடு ஆளைக் காணோம். கம்பி இன்னும் நிற்கிறது. போதாததற்கு இந்தக் காத்தாடி வந்த பிறகு மழையும் இல்லை. மேகத்தை வெட்டி விரட்டுகிறது. இதற்கு உங்கள் ஏழில் ஒன்றும் பதில் சொல்லாது, ஏழில் இரண்டும் சொல்லாது.

கயத்தாறு_மாஸ்ட்

குத்தகை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம் அண்ணாச்சி. நான் அந்தக் கம்பெனி இல்லை. மழை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கம் காத்தாடி நன்றாகச் சுற்றுவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அது தென்மேற்குப் பருவம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இறங்கும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து வருவது. அப்போது காத்தாடி பாதி நாள் சும்மா நிற்கும். மழை மேகம் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது, இறக்கை அந்த உயரத்துக்கு எட்டவே எட்டாது.

பணகுடிக்காரன்

எங்கள் கிணறு வற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். நீங்கள் பேப்பரில் பார்த்தவர்.

எண்_கணக்கு

வாத்தியார், மாஸ்ட் நண்பர் இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஒரு வருட மாஸ்ட் அளவையும், பக்கத்து நிலையத்தின் நீண்ட காலப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறவு கண்டுபிடித்து, அதை வைத்து நீண்ட காலச் சராசரி காண்பதுதான் எல்லோரும் செய்யும் வழி. நிலையப் பதிவு சரியில்லை என்றால் ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு, அதாவது பழைய அளவுகளைக் கணினி மாதிரியில் போட்டுத் திரும்பக் கட்டிய வானிலைப் பதிவு, இருக்கிறது, 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது. 100 மீட்டர் காற்றும் அதில் உண்டு.

இன்னொன்று. சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாட்டின் காற்று வளத்தை 100 மீட்டரில் 302 ஜிகாவாட் என்று சொன்னது. 120 மீட்டரில் 695 ஜிகாவாட்டுக்கும் மேல். உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதாதா?

பலூன்வாத்தியார்

எண் என்று பெயர் வைத்துக்கொண்டு எண்ணை இப்படிக் கையாளலாமா? 100-லிருந்து 120-க்கு ஏழில் ஒன்று போட்டால் வேகம் 3 சதவீதம் கூட ஏறாது. சக்தி 8 சதவீதம் ஏறும். 302 எப்படி 695 ஆகும்? மாஸ்ட் தம்பி சொல்லும் 0.3 போட்டாலும் ஆகாது. வரைபடம் மாறியது, எந்த நிலத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பதும் மாறியது. அதை உயரத்தின் தலையில் கட்டுகிறீர்கள்.

ஈஆர்ஏ5 என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? தரை நிலையங்களும், காலை 5:30, மாலை 5:30 என்று நாங்கள் விட்ட பலூன்களும், செயற்கைக்கோள்களும் தந்த அளவைத் தின்றுதான் அது வளர்ந்தது. தம்பியின் மாஸ்ட் அதில் ஒரு புள்ளி கூட இல்லை, ஏனென்றால் கம்பெனிகள் அந்த அளவை வெளியே விடுவதில்லை. நாங்கள் அளந்ததை நாடு முழுக்கப் பார்க்கிறது.

அன்னா மணி அம்மையாரின் பெயராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றவர். இந்தியாவில் எங்கே காற்றாலை வைக்கலாம் என்று நாட்டுக்குச் சொன்னவர் எங்கள் துறையிலிருந்து வந்தவர். கம்பெனியிலிருந்து அல்ல.

கயத்தாறு_மாஸ்ட்

அன்னா மணியை நீங்கள் இழுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர் என் பக்கம். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் இருந்துகொண்டு காற்று வளக் கணக்கெடுப்பை நடத்தினாரே, அப்போது என்ன செய்தார்? உங்கள் 10 மீட்டருக்கு ஏழில் ஒன்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. 20 மீட்டர், 25 மீட்டர் என்று தனி மாஸ்ட் நட்டு அளக்க வைத்தார். 10 மீட்டர் போதும் என்றால் அவருக்கு அந்தப் பாடு எதற்கு?

பலூன்வாத்தியார்

அதற்கு முன்பு துறையின் நிலையங்கள் எடுத்த காற்றுப் பதிவைத்தான் அவர் முதலில் தொகுத்தார். மாஸ்டை எங்கே நடுவது என்று அந்தத் தொகுப்புதான் காட்டியது. முதலில் 10 மீட்டர், அப்புறம்தான் மற்றது. நானும் அதைத்தானே சொல்கிறேன்?

கயத்தாறு_மாஸ்ட்

இல்லை. நீங்கள் சொன்னது "போதும்" என்று. மேலே அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

மழைப்பித்தன்

ஐயா, உங்கள் நிலையத்தைச் சுற்றி இன்றைக்கு என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தீர்களா? தடுப்பு எவ்வளவு உயரமோ அதைப் போலப் பத்து மடங்கு தூரத்தில் கருவி நிற்க வேண்டும் என்பது உங்கள் உலக வானிலை அமைப்பே வைத்த விதி. ஊருக்குள் மாட்டிக்கொண்ட நிலையங்களில் வேப்பமரம் கருவிக்கு மேலே வளர்ந்து நிற்கிறது, பக்கத்தில் மூன்று மாடிக் கட்டிடம். அங்கே அளப்பது காற்றையா, மரத்தின் பெருமூச்சையா?

பலூன்வாத்தியார்

விமான நிலையத்துக் கருவியைப் பாருங்கள். ஓடுபாதை ஓரம் திறந்த வெளியில் 10 மீட்டரில் நிற்கிறது. அதை நம்பித்தானே விமானத்தில் ஏறுகிறீர்கள்?

கருவி பற்றிப் பேசினால் மாஸ்ட் தம்பிக்குச் சங்கடம்தான் வரும். காற்றில் சுழன்று வேகம் அளக்கும் கிண்ணக் கருவியை மாஸ்ட் குழாயின் பக்கவாட்டுக் கையில் மாட்டுகிறார்கள். மேற்கே இருந்து காற்று அடிக்கும் ஊரில் அந்தக் கை குழாய்க்குக் கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தால், குழாயின் மறைவில் கிண்ணம் நிற்கும், வேகம் குறைத்துக் காட்டும். தூத்துக்குடி உப்பளம் பக்கம் பேரிங்கில் தூசியும் உப்பும் ஏறினால் மெல்லிய காற்றில் கிண்ணம் கிளம்பவே கிளம்பாது. அதையெல்லாம் யார் ஏறிப் பார்க்கிறார்கள்?

கயத்தாறு_மாஸ்ட்

நான் ஏறிப் பார்க்கிறேன். ஆடி மாதத்தில், குழாய் ஆடுகிற ஆட்டத்தில், இடுப்புக் கயிற்றோடு ஏறிப் பார்க்கிறேன். கையை எந்தத் திசையில் நீட்ட வேண்டும், ஒரே உயரத்தில் இரண்டு கிண்ணம் எதற்கு வைக்கிறோம் என்பதெல்லாம் எங்களுக்கு அரிச்சுவடி. ஒன்று காட்டுவதும் மற்றது காட்டுவதும் விலகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். இன்றைக்குத் தரையில் வைத்து லேசரால் 200 மீட்டர் வரை அளக்கும் லைடார் இருக்கிறது, அங்கே ஏழில் ஒன்றுக்கு வேலையே இல்லை. உங்கள் நிலையத்தில் இருப்பது ஒற்றைக் கருவி. அது கெட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

எண்_கணக்கு

முன்னறிவிப்புப் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 96 துண்டு, ஒவ்வொன்றும் 15 நிமிடம். துண்டு துண்டாக எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலகல் அனுமதித்த அளவைத் தாண்டினால் கட்டணம். சாயங்காலம் தரைக்காற்று படுக்கும் நேரத்தில் 10 மீட்டரைப் பார்த்து முன்னறிவிப்பு சொன்னால் காத்தாடி நின்றுவிடும் என்றுதான் சொல்வோம். நிற்காது. பிறகு, சக்தி மூன்று மடங்கு என்று மாஸ்ட் நண்பர் சொன்னதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். நொடிக்கு 11, 12 மீட்டர் வந்ததும் இயந்திரம் தன் முழு அளவைத் தொட்டுவிடும், அதற்கு மேல் எட்டு மடங்குக் கணக்கு செல்லாது.

கயத்தாறு_மாஸ்ட்

நான் சொன்னது 5.6-க்கும் 8-க்கும் நடுவே. 12 எங்கே வந்தது? படித்துவிட்டு எழுதுங்கள்.

எண்_கணக்கு

நான் பொதுவாகச் சொன்னேன். உங்களுக்கு உதவியாகத்தான்.

பலூன்வாத்தியார்

பார்த்தீர்களா, தன் பக்கம் பேச வந்தவரையே கடிக்கிறார்.

இந்த இழையில் எல்லோரும் ஒன்றை மறைக்கிறீர்கள். ராத்திரி அடுக்கு 0.3 என்று தம்பி எழுதினார். எந்த மாஸ்ட், எந்த மாதம், எத்தனை ராத்திரி? ஒரு சீசனின் 10 நிமிடப் பதிவை இங்கே போடட்டும். நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடச் சராசரிக்கு ஏழில் ஒன்று எவ்வளவு நெருங்கி வருகிறது என்று எல்லோரும் பார்க்கலாம்.

கயத்தாறு_மாஸ்ட்

அது கம்பெனியின் சொத்து. வெளியே போட்டால் என் வேலை போகும். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

பலூன்வாத்தியார்

அப்படியானால் 0.3 என்பதும் கம்பெனியின் சொத்து. பொதுவில் பேசக் கொண்டுவராதீர்கள். என் ஏழில் ஒன்றை யார் வேண்டுமானாலும் பேனாவும் காகிதமும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

கயத்தாறு_மாஸ்ட்

போட்டுப் பார்த்து நொடித்துப் போகலாம். ஒரு ராத்திரி கயத்தாறுக்கு வாருங்கள் ஐயா. கீழே வேட்டி அசையாது, மேலே இறக்கை சுற்றும். பதிவே தேவையில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும்.

பலூன்வாத்தியார்

அண்ணாந்து பார்ப்பதற்குப் பெயர் அளவீடு இல்லை தம்பி. பதிவைக் கொண்டு வாருங்கள். அதுவரை ஏழில் ஒன்று.

பணகுடிக்காரன்

அந்தப் பதிவு எடுத்த மாஸ்ட் என் காட்டில் நிற்பதாக இருந்தால், அதில் எனக்கும் பங்கு உண்டா, இல்லையா? இந்த இழுவைக் கம்பியை அவிழ்க்க யாரிடம் போய்க் கேட்பது? யாருமே பதில் சொல்லவில்லையே.