வாடகைக்கு விட வாங்கின பழைய ஃபிளாட்: என்ன வேலை நானே செய்யலாம்?

குரோம்பேட்டை புதுசு:
குரோம்பேட்டையில 1998ல கட்டின ஃபிளாட், ரெண்டாவது மாடி. வாடகைக்கு விடத்தான் வாங்கினேன். பெயின்ட், டைல்ஸ், ஒயரிங் எல்லாம் சேர்த்து மேஸ்திரி மூணேகால் லட்சம் சொல்றார். சனி ஞாயிறு லீவுதான், பெயின்டுக்கு முன்னாடி சுவரைச் சமப்படுத்தப் பட்டி பார்க்கிறதை நானே கத்துக்கலாமா? ஹால்ல ஒரு சுவர் மட்டும் கீழேயிருந்து மூணடிக்கு உப்பு பூத்திருக்கு.

மதுரை வீட்டுக்காரன்:
தம்பி, பட்டித் தகட்டைக் கீழ வைங்க. ரெண்டாவது மாடி வரைக்கும் மண்ணுலேருந்து ஓதம் ஏறாது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்தானே?

என் முதல் வீட்டுல இதே மாதிரி சுவருக்கு ரெண்டு கோட் பட்டி பார்த்தேன். டார்ச்சை சுவரோட ஒட்டிப் பிடிச்சா மேடு பள்ளம் நிழலாத் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்து எமரி போட்டேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. குடிவந்தவங்க ரெண்டாம் மாசமே போட்டோ அனுப்பினாங்க, அப்பளமா உப்பி நிக்குது.

பாத்ரூம் நஹானி ட்ராப்பை, அதான் தரையில தண்ணி போற ஓட்டையை, பாலிதீன்ல துணிப்பந்து கட்டி அடைங்க. ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்தி, சுவர்ல பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்க. மட்டம் இறங்கினா தரையோ ட்ராப் மூட்டோ ஒழுகுது. இறங்கலைன்னா பெரும்பாலும் சுவருக்குள்ள ஓடுற பைப், பிளம்பரை பிரஷர் பம்ப் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கீழ் வீட்டுல முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

கத்துக்கிற வேலைன்னா குழாய் ஸ்பிண்டில், அதான் திருகினா தண்ணியைத் திறந்து மூடுற உள் பாகம், மாத்துறது. குடியிருக்கிறவங்க அதுக்கு வருஷா வருஷம் கூப்பிடுவாங்க. டெஃப்லான் டேப்பை மரை முறுக்குற பக்கமாவே சுத்தணும், மாத்திச் சுத்தினா முறுக்கும்போதே உரிஞ்சு வந்துடும்.

ஒயர்மேன் 22 வருஷம்:
ஒயரிங்கை மட்டும் லைசென்ஸ் உள்ளவர்கிட்ட விட்டுடுங்க சார். பழைய கட்டடத்துல மூணு ஓட்டை பிளக் இருக்கும், கழட்டிப் பார்த்தா எர்த் ஒயரே இருக்காது. கீசர் போடுற வீட்டுல இது விளையாட்டில்ல. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், கண்டிப்பா போடச் சொல்லுங்க, ஏசி லைனுக்கு 4 சதுர மி.மீ. ஒயர் தனியா இழுக்கணும்.

குரோம்பேட்டை புதுசு:
பாத்ரூமேதான் அண்ணே. நேத்து காலையில தண்ணி கட்டினேன், சாயங்காலம் பார்த்தா கோட்டுக்கு முக்கால் இன்ச் கீழ. அளந்துட்டு இருக்கும்போதே கீழ் வீட்டு மாமி ஃபோன். சொல்ல மறந்துட்டேன்.