கண்ணாடிமேல் வைத்த சொப்பு: நெல்லைச் சீமை அனுபவங்கள் சில

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் வசிப்பவர் எழுதியது:

கோடை விடுமுறைக்கு வந்த என் தங்கை மகள், பெங்களூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். டேப்லெட்டைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதன் திரைமேல் சிறிய பிளாஸ்டிக் உருவங்களை நிறுத்தி விளையாடும் வகை அது. அந்த ஊர் நிறுவனமான பிளேஷிஃபு ‘டாக்டோ’ என்ற பெயரில் விற்பது. உருவத்தை வைத்தால் அதற்குரிய ஆட்டம் திறக்கிறது, நகர்த்தினால் திரைக்குள் இருக்கும் காட்சியும் கூடவே நகர்கிறது. உருவத்துக்குள் பேட்டரி இல்லை, புளூடூத் இல்லை, கேமராவும் அதைப் பார்ப்பதில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது சட்டைப் பொத்தான் அளவில் சில வட்டங்கள் மட்டுமே தெரிந்தன.

எங்கள் அம்மா வீட்டுப் பரணில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கிடந்தன. அதிலிருந்து ஒரு பானையை எடுத்து அவள் திரைமேல் வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. “மாமா, இது தூங்குது” என்றாள். கடைசல் மரமும் அதன்மேல் பூசிய அரக்கும் மின்சாரத்தைக் கடத்தாதவை. பானை அங்கே இருப்பதே திரைக்குத் தெரியாது. நம் விரல் தொடும்போது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்முனை வலையில் மின்தேக்க அளவு (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) சிறிது மாறுகிறது, அந்த மாற்றம்தான் ‘தொடுகை’. ஆகவே பானையைத் திரை உணர வேண்டுமானால், அதன் அடியில் மூன்று விரல்கள் இருப்பதுபோல் ஏமாற்ற வேண்டும் என்று தோன்றியது.

ஊருக்குப் போய், எங்களுக்குத் தெரிந்த கடைசல் பட்டறையில் அடிப்பாகம் நாலரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பானையும் ஒரு திருகையும் செய்து தரச் சொன்னேன். அவற்றின் அடியில் செப்புத் தகட்டு டேப்பிலிருந்து 8 மில்லிமீட்டர் வட்டங்கள் மும்மூன்று வெட்டி ஒட்டினேன். பானையில் வட்டங்களுக்கு இடையே 20, 26, 32 மில்லிமீட்டர். திருகையில் 17, 29, 33. மூன்று பக்கமும் வெவ்வேறு நீளமாக இருந்தால்தான் இது எந்தப் பொருள் என்பதோடு எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையும் கணக்கிட முடியும். நண்பர் மகன் ஒருவன், மூன்று தொடுகைகளுக்கு இடைப்பட்ட தூரங்களை ஒப்பிட்டுப் பொருளைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறிய வலைப்பக்கத்தை எழுதிக் கொடுத்தான். வலைப்பக்கத்துக்கு மில்லிமீட்டர் தெரியாது, திரைப்புள்ளிகளில்தான் அளக்கும், புள்ளியின் அளவு சாதனத்துக்குச் சாதனம் மாறும் என்பதால் நீளங்களுக்குப் பதிலாக அவற்றின் விகிதத்தைப் பார்க்குமாறு அவனே மாற்றியும் கொடுத்தான். பானையை வைத்தால் பால் பொங்கும், திருகையை வைத்தால் உளுந்து உடைபடும் சத்தம் கேட்கும்.

முதல் முயற்சி வீணாயிற்று, அதற்கு நான்தான் காரணம். டேப்பை ஒட்டிய பிறகு அடியோரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டால் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டுப் பானையை மறுபடியும் கடைசலில் ஏற்றச் சொல்லிவிட்டேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது அது உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படியும் அல்லவா. அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி, மூன்று வட்டங்களும் இடம் மாறிவிட்டன. இரண்டாவது முறை கோடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளை அடியோரத்தில் விரல்கள் செப்பைத் தொடும்படி பிடித்தபோது பானை வேலை செய்தது, ஆனால் கையை எடுத்த மறுகணமே பால் மறைந்துவிட்டது. பிள்ளை மறுபடியும் பிடித்தாள், பால் வந்தது, விட்டாள், போய்விட்டது. இதற்கு வழி தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

மேலப்பாளையத்தில் செல்பேசி சர்வீஸ் கடை வைத்திருப்பவர்:

அண்ணாச்சி, உங்கள் பானையில் தவறு ஒன்றுமில்லை. செப்பு வட்டம் தானாக எதையும் செய்வதில்லை, பிடித்திருக்கும் உடம்போடு அது இணைந்திருப்பதால்தான் திரை அதை விரலாக எண்ணுகிறது. கையை எடுத்தால் வட்டம் அநாதை. கை படாமலேயே பொருளை உணரச் செய்வது எப்படி என்று ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். வட்டங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், திரையின் ஒரு பகுதி உணர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் மற்றொரு பகுதியே தரை இணைப்பாக (எர்த்) பயன்படும் என்பது அதன் சாரம். வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் அசையாமல் நிற்கும் பொருளைச் சில திரைகள் சிறிது நேரத்தில் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் என்பதால் அதை நம்பி ஆட்டம் வகுக்காதீர்கள். செப்பை இடுப்பு வரை மேலே கொண்டுவந்து, பிள்ளை பிடிக்கும் இடத்தில் ஒரு வளையமாகச் சுற்றிவிடுங்கள். பிடித்திருக்கும்வரை பால் நிற்கும், அது போதும்.

என் கடையில் தினமும் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். டச் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்குத் திரையில் பழுதே இருப்பதில்லை. மலிவான சார்ஜரில் போட்டபடியே விளையாடினால், அதன் மின் இரைச்சல் தொடுகையோடு கலந்து, யாரும் தொடாத இடத்தில் எழுத்து விழும், பொருள் துள்ளும். சாரல் காலத்தில் குற்றாலம் போய்விட்டு வருபவர்கள், தண்ணீர்த் துளி தானாகவே எண்ணைச் சுழற்றி யாருக்கோ போன் போட்டுவிட்டது என்று சொல்வது முற்றிலும் உண்மை, ஏனெனில் தண்ணீரும் கடத்தும். தடித்த டெம்பர் கிளாஸும் ஓரத்தில் காற்றுப் புகுந்த டெம்பர் கிளாஸும் உணர்வை மட்டுப்படுத்தும். ஆனால் கழற்றிவிட்டு விளையாடச் சொல்லமாட்டேன். பொருளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், காம்போ, அதாவது கண்ணாடியும் திரையும் சேர்ந்த முழுத் தொகுதியை, மாற்றும் செலவு வந்து நிற்கும்.

இந்த வகைத் தொடுதிரை நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் ஆய்வு நிலையத்தில் ஜான்சன் என்பவர் 1965இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். நம் ஊரில் நகத்தாலும் குச்சியாலும் அழுத்திய செல்பேசிகளைத்தான் முதலில் பார்த்தோம். அவை அழுத்தத்தால் இயங்கியவை, மரப்பானையையும் உணர்ந்திருக்கும். 2007இல் ஐபோன் வந்த பிறகு அழுத்தம் போய்த் தொடுகை வந்தது, அதனால்தான் உங்கள் பானை தூங்கியது.

வள்ளியூர்க்காரர், இரண்டு ஆண்டுகள் ஜப்பானில் வேலை பார்த்தவர்:

அங்கே நான் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடையில் காகித அட்டைக்குப் பதிலாகச் செல்பேசித் திரையிலேயே முத்திரை குத்துவார்கள். பார்ப்பதற்கு நம் ஊர் அலுவலக ரப்பர் முத்திரை போலவே இருக்கும், மை மட்டும் கிடையாது. அடியில் இருக்கும் குமிழ்களின் அமைப்பைச் செயலி படித்து, இன்ன கடையின் முத்திரை என்று கண்டுகொள்ளும். பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு தேநீர் இலவசம். என்னுடைய செல்பேசியிலோ, மூன்று விரலால் தேய்த்தால் திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்துக்கொள்ளும் (ஸ்கிரீன்ஷாட்) வசதி இயங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண் முத்திரையைச் சற்று இழுத்துக் குத்தும் பழக்கமுடையவர். ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து மன்னிப்புக் கேட்க, நானும் குனிய, என் செல்பேசி மட்டும் படம் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்த வசதியை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் கேலரியில் ஏழு படங்கள் சேர்ந்துவிட்டன. பல தொடுகைப் பொருள்களைச் செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முக்கூடலிலிருந்து ஒருவர்:

அண்ணாச்சியின் வலைப்பக்கத்தில் அடுப்புக்கும் தீ எரியும் ஓர் ஆட்டத்தைச் சேர்க்கச் சொல்லி, நானும் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் கடைசல் சொப்பு இல்லை. அம்மாவின் சிறு வயதுச் சாமான்களில் மூன்று கால் வைத்த பித்தளைக் குமுட்டி அடுப்பு ஒன்று இருந்தது, உள்ளங்கையில் அடங்குவது. பித்தளை என்பதால் உடனே வேலை செய்யும் என்று எண்ணி வைத்தேன், செய்யவில்லை. கால் நுனிகள் மிளகைவிடச் சிறியவை, அவ்வளவு சிறிய புள்ளியைத் திரை விரலாக மதிப்பதில்லை போலும். மூன்று கால்களிலும் மேலே சொன்ன அளவில் செப்பு வட்டங்களை ஒட்டியதும் அடையாளம் கண்டுகொண்டது, கண்ணாடியில் பித்தளை கீறும் பயமும் நீங்கியது.

இதை எழுதக் காரணம் என் அம்மா. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறார். அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்துத் தோல் தடித்து உலர்ந்துபோனவை. ரேஷன் கடையில் கைரேகை விழுவதற்குள் வரிசையே முனகத் தொடங்கிவிடும். செல்பேசியில் வரும் அழைப்பை எடுக்க அவர் மூன்று நான்கு முறை தேய்ப்பார், பிறகு என்னைக் கூப்பிடுவார். திரை தன்னை மதிப்பதில்லை என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். அன்று பேத்தி அடுப்பை அவரிடம் நீட்டி, “ஆச்சி, நீ வச்சுப் பாரு” என்றபோது, “எங்கைக்கு அது கேக்காதுட்டி” என்று சொல்லிக்கொண்டே முழு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்து வைத்தார். வைத்த உடனே தீ எரிந்தது. பீடித்தூள் படிந்த கையை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். விரல் நுனி தடித்திருந்தாலும் உள்ளங்கை முழுவதும் பித்தளையைப் பற்றியிருக்கும்போது இணைப்புக்குக் குறைவில்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அதன் பின்பு அழைப்பு வந்தால் எடுப்பதற்கு, பென்சிலில் முனையிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை செப்பு சுற்றி அவருக்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். சுண்டுவிரல் பருமனில் முனை இருந்தால்தான் வேலை செய்கிறது.

ஒரே ஒரு குறை. அடுப்பின் வாய் ஒரு பக்கம் இருக்க, தீ சில நேரம் பின்பக்கமாக எரிகிறது. ஒரு காலைச் சற்று வளைத்தால் சரியாகும் என்று சொன்னேன். ஆச்சி சம்மதிக்கவில்லை.

பாளையங்கோட்டைக்காரர் மீண்டும்:

ஆச்சி சொல்வதுதான் சரி, காலை வளைக்க வேண்டாம். மூன்று கால்களும் சம தூரத்தில் இருப்பதால் முன் எது பின் எது என்று வலைப்பக்கத்துக்குத் தெரியவில்லை. வாய்க்கு நேர் எதிரே இருக்கும் காலின் வட்டத்தை மட்டும் உரித்து, பின்னால் ஒரு துண்டு அட்டை கொடுத்து, நான்கு மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளி ஒட்டுங்கள். வட்டத்தின் ஓரம் காலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். புதிய விகிதத்தை நண்பர் மகனிடம் சொல்லி வலைப்பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். என் பானைக்கு இடுப்பில் செப்பு வளையம் சுற்றியாயிற்று. பிள்ளை பெங்களூருக்குத் திரும்பும்போது அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திருகை மட்டும் இங்கே இருக்கிறது.