புதுப்பிப்பு: பாம்பன் கரையில் காகிதத் திரைகள்

படித்தால் மட்டும் ஊடாட்ட வடிவமைப்பு (ஆட்கள் எளிதாகக் கையாளும்படி செயலியின் திரைகளை அமைக்கும் கலை) கைவருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். காகிதத்தில் வரைந்து ஆட்களிடம் கொடுத்துப் பாருங்கள் என்றீர்கள். செய்துவிட்டேன்.

மீனவர்களுக்கான வானிலைச் செயலியை வரைந்து, பாம்பனில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஐந்து பேரிடம் நீட்டினேன். 'எச்சரிக்கை நிலை' என்ற பொத்தானை ஒருவரும் தொடவில்லை. "துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது? அதைப் போடுங்கள் தம்பி" என்றார் ஓர் அண்ணன். புயல் கூண்டு எண்ணைப் பெரிதாக வரைந்தேன். அடுத்தவரின் விரல் நேரே அங்கே போனது. அந்த நொடிக்காகவே எத்தனை முறையும் வரையலாம்!

பிறகு செல்பேசியில் சோதித்தோம். ஈர விரலுக்குத் திரை சரியாக இணங்கவில்லை. பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 dp (திரையில் அளக்கும் அலகு). நான் வைத்திருந்தது 32. இப்போது 72, பொத்தான்களுக்கு நடுவே இடைவெளியும் கூட்டியிருக்கிறேன். ஞாயிறன்று மண்டபத்தில் பாசி எடுக்கும் அக்காமாரிடம் காட்டப் போகிறேன்.