தினமும் காலையில் 2009க்குத் திரும்பிய கணினி

தருமபுரியிலிருந்து:

மூன்று மாதமாக எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்றே வந்தது. மகளின் கல்லூரி விண்ணப்பம் பாதியில் நின்றது. பழுது பார்க்கும் கடையில் வைரஸ் என்று சொல்லி, டிஸ்க்கில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, ஃபார்மட் செய்தார்கள். அங்கே நன்றாக ஓடியது. வீட்டில் இரவு சுவிட்சை அணைத்துக் காலையில் போட்டால் அதே பிழை. மறுபடியும் ஃபார்மட்.

பேருந்து நிலையத்தருகே கைக்கடிகாரத்துக்கு செல் மாற்றப் போனபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே, "திரை மூலையில் என்ன தேதி காட்டுகிறது, பார்த்தீர்களா அண்ணா?" என்றார். ஓடிவந்து பார்த்தேன். 1.1.2009. சுவிட்சை அணைத்த பிறகும் தேதியை ஓடவைக்க மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது. கணினிக்கு அது 2009 என்பதால், பிற்பாடு வழங்கப்பட்ட இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் அதன் கணக்கில் செல்லுபடியாகவில்லை. சிஆர் 2032, 3 வோல்ட், நாணயம் அளவுதான். மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆனால் முதல் ஃபார்மட்டிலேயே அப்பாவின் குரல் போய்விட்டது. மாந்தோப்பில் எந்த மரம் எந்த வருடம் வைத்தது என்று அவர் சொல்லச் சொல்ல நான் பதிந்தது, நாற்பது நிமிடம். "சி டிரைவில் முக்கியமாக எதுவும் இல்லையே சார்?" என்று கடைப் பையன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். அது டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பர்கூரிலிருந்து:

இதைப் படித்துவிட்டு எல்லோரும் செல் மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். எனக்கு வந்தது நீலத்திரை, மெமரி மேனேஜ்மெண்ட் பிழை. விண்டோஸை இரண்டு முறை புதிதாக ஏற்றியும் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கிரானைட் அறுக்கும் பட்டறை. பெட்டியைத் திறந்தால் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசி. ரேமை, அதாவது கணினியின் மெமரிப் பலகையை, கழற்றி, பையனின் பென்சில் ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களைத் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது, பற்கள் பளிச்சென்றாயின. அன்றிலிருந்து நீலத்திரை வரவில்லை.

பாலக்கோட்டிலிருந்து:

பர்கூர் நண்பரே, ரப்பர் சரி. ஆனால் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமில் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டீர்களே. உடம்பிலுள்ள நிலைமின்சாரமே சிப்பைக் கெடுத்துவிடும்.

என் வீட்டில் அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனது; கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை, அவற்றைச் சோதித்துச் சீராக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை கொடுத்துச் சரிசெய்தேன். அவ்வளவுதான்.

தருமபுரி நண்பருக்கு: அந்தக் கணினியை இனி இயக்கவே இயக்காதீர்கள். வேக ஃபார்மட்டில் கோப்புகளின் பட்டியல்தான் போகிறது. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கும். இரண்டு முறை விண்டோஸ் ஏற்றியிருப்பதால் ஒரு பகுதி அழிந்திருக்கலாம். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இன்னும் வாய்ப்பு உண்டு. சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கடினம். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள், மீட்டதையும் அதில் சேமிக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். மற்றவர்கள், யாரையும் ஃபார்மட் செய்ய விடுவதற்கு முன் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரியிலிருந்து:

பழைய ஹார்டு டிஸ்க்தான். இப்போதே கழற்றி, துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். இதை மீட்டுத் தருபவர் நம் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி என்றாலும் வருகிறேன்.