தாத்தா அரத்தால் தேய்த்த ராணுவ ரைஃபிள்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

ஒடுகத்தூர் விவசாயி

வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு நிலம். பயிர்க் காவலுக்கு என் பெயரில் உரிமம் பெற்ற பன்னிரண்டு ‘போர்’ (bore) குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவர் உரிமத்தில் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் .315 அங்குலக் குழல் ரைஃபிள். கடையில் வாங்கியபடியே இருக்கிறது. மற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாத்தா சென்னையில் வாங்கிய 1917 மாதிரி அமெரிக்க என்ஃபீல்ட், ராணுவ ரைஃபிள். அதை அவர் வேட்டைக்கு ஏற்ப மாற்றிவிட்டார். பின் குறிகாட்டிக்கு இருபுறமும் காதுபோல் நின்ற இரும்பை அரத்தால் தேய்த்து எடுத்து, வேறு குறிகாட்டி பொருத்தி, குழலைத் தாங்கும் மரப்பகுதிக்கு நூக்கு மரத்தில் புதுக் கட்டை போட்டிருக்கிறார். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இரட்டைக்குழல் எனக்குத் தேவை. மீதி இரண்டில் எதைக் கொடுப்பது?

கம்மவான்பேட்டை ஹவில்தார்

தம்பி, யோசிக்கவே வேண்டாம். பி.எஸ்.ஏ.வை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்திருக்கிறோம். ஒரு ராணுவ ரைஃபிளில் ஒவ்வொரு முத்திரையும் ஒரு சாட்சி. 1917 மாதிரி பிரிட்டிஷார் .303க்கு வரைந்த வடிவம். அமெரிக்கா போரில் இறங்கியதும் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆலைகள் அதையே .30-06 தோட்டாவுக்கு மாற்றி, 20 லட்சத்துக்கும் மேல் செய்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஊர்க்காவல் படைக்குப் போனவற்றில், .303 தோட்டாவைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று சிவப்புப் பட்டை தீட்டினார்கள். உங்களுடையதில் அந்தப் பட்டை இருந்திருந்தாலும் பழைய கட்டையோடு அடுப்புக்குப் போயிருக்கும். அரம் பட்ட இடத்தில் வரலாறு கிடையாது.

கோட்டை அகழி

ஹவில்தார் ஐயா, முழுமனதாக மறுக்கிறேன். மாற்றம் செய்த துப்பாக்கிகளைத்தான் நான் பல ஆண்டுகளாகப் படங்களாகவும் குறிப்புகளாகவும் சேகரித்து வருகிறேன். அவை சொல்லும் கதையைத் தொழிற்சாலை ரைஃபிள் சொல்லாது.

வெள்ளையர் காலத்தில் வங்காளத்தின் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்த .410 மஸ்கட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டின் குழலைக் கடைந்து, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழலாக்கினார்கள். தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட முடியும்படி செய்தார்கள். அதைப் போலீசாருக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கி பறிபோனாலும், அதை ஏந்தியவனே திரும்பி நின்றாலும் பெரிய ஆபத்து இருக்கக் கூடாது என்ற கணக்கு அது. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்த கோட்டை நம் வேலூரில் நிற்கிறது. வெள்ளை அரசு தன் சிப்பாயை எவ்வளவு நம்பியது என்று அறிய ஆவணம் தேட வேண்டியதில்லை, அந்த மரத்துண்டு போதும்.

நியூசிலாந்தின் சார்ல்டன் துப்பாக்கியும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்து, லீ என்பவரின் அமைப்பில் செய்த பழைய ரைஃபிள்களை எடுத்து, தானாகச் சுடும் துப்பாக்கியாக மாற்றினார்கள். சுமார் 1,500 செய்ததில் பெரும்பாலானவை கிடங்குத் தீயில் அழிந்தன. இன்று அந்தப் பழைய ரைஃபிளைத் தேடினால் கிடைக்கும், மாற்றியது கிடைப்பது அரிது.

கம்மவான்பேட்டை ஹவில்தார்

நீங்கள் சொல்பவை எல்லாம் அரசு ஆணைப்படி, ஆயுதப் பணிமனையில், அளவுக் கருவி வைத்துச் செய்தவை. மாற்றிய பிறகு அதற்குரிய முத்திரையும் குத்தினார்கள். அவற்றை நானும் மதிக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் அரம் போட்டதை அவற்றோடு சேர்க்காதீர்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவாக விற்ற ராணுவ ரைஃபிள்களை இப்படித்தான் ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். இன்று மாற்றாத ஒன்றுக்குச் சேகரிப்பாளர் பல மடங்கு விலை கொடுக்கிறார். அந்தக் காதுகள் அழகுக்கு வைத்தவை அல்ல. பதுங்குகுழியில் விழுந்து எழும்போது குறிகாட்டி வளையாமல் காத்தவை.

ஒடுகத்தூர் விவசாயி

தாத்தா ஏன் தேய்த்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்தத் துளைக் குறிகாட்டி, அதன் ஏணி போன்ற சட்டம் மடங்கிப் படுத்திருக்கும் நிலையில் 400 கஜத்துக்கு அமைந்தது. எங்கள் புதர்க்காட்டில் பன்றி ஐம்பது கஜத்தில் எழும். குறி வைத்த இடத்துக்கு மேலே குண்டு போகும். அதனால்தான் கிட்டக் குறிக்குத் தாழ்வான திறந்த குறிகாட்டி பொருத்தினார். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்தவர், பிறகு சுடவே இல்லை.

கம்மவான்பேட்டை ஹவில்தார்

ஏணியை நிமிர்த்தினால் 200 கஜத்துக்கு வரும். தேய்த்திருக்க வேண்டியதில்லை.

கோட்டை அகழி

200 கஜமும் ஐம்பது கஜத்துக்கு அதிகம்தானே ஐயா? புதர் அசையும் நேரத்தில் ஏணியை யார் நிமிர்த்துவார்? முதல் உலகப் போரில் பிளாண்டர்ஸின் சேற்றுக்கு வரைந்த கருவியை ஒடுகத்தூர் புதருக்குத் திருத்தியிருக்கிறார் ஒரு மனிதர். இதுவும் ஆணைதான், நிலம் இட்ட ஆணை. இன்னொன்று. நீங்கள் மாசற்றது என்று சொல்லும் .315 எப்படி வந்தது? ராணுவத் தோட்டாவான .303 தனியார் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்ததால், அதே லீ அமைப்பை வேறு தோட்டாவுக்குத் திருப்பிச் செய்தார்கள். நம் அரசுத் தொழிற்சாலையும் அதே அளவில் செய்து விற்றது. நாட்டில் .315க்குப் பஞ்சமில்லை. இந்த என்ஃபீல்ட் போனால் இன்னொன்று வராது.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். பரம்பரையாக வந்தவையும் அந்த இரண்டில் சேரும். கொடுப்பதை உரிமம் பெற்ற வணிகரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பழைய வடிவத்துக்குத் திருப்பலாம் என்று ஊர்ப் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுது பார்க்கவும் அதற்கென உரிமம் வேண்டும்.

குடியாத்தம் ஆசாரி மகன்

எனக்குத் துப்பாக்கி தெரியாது, மரம் தெரியும். நூக்கு எண்ணெய்ப்பசை கொண்ட மரம். கனம் அதிகம், உளிக்கு எளிதில் பணியாது. இரும்பு அசையாமல் உட்காரும்படி அதைக் குடைவது பெரிய வேலை. யார் செய்தார் என்று தெரியுமா? கட்டையைக் கழற்றினால் உட்புறத்தில் குறி ஏதாவது இருக்கும். என் அப்பா எந்த வேலையிலும் மூடப்போகும் பக்கத்தில்தான் எழுதுவார்.

ஒடுகத்தூர் விவசாயி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். வேலூரில் உரிமம் பெற்ற கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கட்டையைக் கழற்றச் சொன்னேன். ஆசாரி மகன் சொன்னது சரி. குழல் படுக்கும் பள்ளத்தில் பென்சிலால் அளவுகள் இருக்கின்றன. எல்லாம் தமிழ் எண்களில், விரற்கடைக் கணக்கில். ஓரிடத்தில் ௯ (9) என்று எழுதி அடித்துவிட்டு ௮ (8) என்று திருத்தியிருக்கிறார். பெயர் இல்லை. கடைக்காரரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பி.எஸ்.ஏ.வை அவரிடமே ஒப்படைக்க விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்

காதைத் தேய்த்தது தவறு என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள் தம்பி, எண்ணெய் ஊறினால் பென்சில் எழுத்து போய்விடும். ரைஃபிளின் எண்ணையும், எந்த ஆலையின் பெயர் வெட்டியிருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வரும் ஞாயிறு அணைக்கட்டுப் பக்கம் வருகிறேன். ஆட்சேபணை இல்லையென்றால் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கிறேன்.